தேங்காயெண்ணெயும் நாலு தடமும்

என் மச்சினன் வில்சன் போனில் கூப்பிட்டு, வீட்டில் வைத்துப் பாட்டுப் பதிய டேப் ரெக்கார்டர் வாங்க வேண்டும், எது கொள்ளாம் என்று கேட்டபோது நான் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். கிழங்கு தொண்டையில் நின்றுவிட்டது. என் மனைவி ரோஸ்லின் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துத்தான் அது இறங்கியது. அவளுக்கு வாய்த்த சந்தர்ப்பம், விடுவாளா?

நாகர்கோவிலில் ஒரு ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கடையிலேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவன் நான். ரேடியோ, டேப், டெக் என்று கழற்றி மாட்டியே காலம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகும் வீடு தேடி வருவார்கள். பழைய கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இதைப் பென்டிரைவில் ஏற்றித் தாருங்கள் என்பார்கள். இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. பென்டிரைவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டேப் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். சரி, கேட்பது ஊர்ப் பிள்ளைகள் என்றால் போகட்டும். வில்சன் கேட்கிறானே! குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். வீட்டுக் கதவு மணியைக்கூட போனில் இருந்து அடிக்கிறவன். டேப் எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கில்ல அத்தான், லில்லிக்கு" என்றான். அப்புறம் சொன்னான். "அவளுக்குக் களுத்தில ஆபரேசன் சொல்லியிருக்கு."

லில்லி பாய் அவன் மனைவி. என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். கருங்கல் ஊர்ப் பக்கத்தில் அவர்கள் சபையில் பாட்டுக் குழு என்றால் அது லில்லிதான். மற்றவர்கள் ராகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்போது இவள் கீழே இருந்து இரண்டாம் குரலில் தாங்கிப் பிடிப்பாள். அந்தக் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, உப்பில்லாத மீன்கறிதான். தைராய்டில் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சத்தம் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதற்குமுன் தன் குரலில் ஒரு கீர்த்தனையைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அறுப்பின் பண்டிகைக்கு வருஷாவருஷம் அவள் பாடுகிற கீர்த்தனை. ராகத்தையும் இரண்டாம் குரலையும் தானே பாட வேண்டும், ஆர்மோனியமும் தானே வாசிக்க வேண்டும்.

இதற்கு டேப் எதற்கு, போனில் பதிந்தால் ஆகாதா என்று நானும் கேட்டேன். அடுத்த நாள் கருங்கலுக்குப் போனபோது லில்லியே பதில் சொன்னாள். வில்சன் ஏற்கெனவே அவளை ஒரு கம்ப்யூட்டர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே இருந்தவன் நல்ல பையனாம், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தானாம். பாடி முடித்ததும், ஆன்டி கொஞ்சம் சரிபண்ணித் தாறேன் என்று எதையோ தட்டியிருக்கிறான்.

"நான் பாடுனா ஒரு எடத்தில வளைஞ்சு எறங்கும்லா அண்ணே? அதை அவன் நேராக்கிப்போட்டான். கேட்டா ஆரோ ஒரு சின்னப் பெண்ணு பாடுது. கொள்ளாம், நல்லாத்தான் பாடுது. ஆனா எனக்க சத்தம் அதில இல்ல. டேப்புன்னா ஆரும் திருத்த முடியாதில்லியா?"

டேப்பும் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதை எனக்குக் கற்றுத் தந்த மனிதரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

நான் தொழில் பழகிய கதை ஒன்றும் பெரிதில்லை. முதலில் கடை பெருக்கினேன், பிறகு ஈயம் பற்றவைத்தேன், ஷாக் அடித்துக் கீழே விழுந்தேன், எழுந்தபோது மெக்கானிக் ஆகியிருந்தேன். முதலாளி நீலகண்ட பிள்ளை, சுசீந்திரத்துப் பக்கம் வயல்காரக் குடும்பம், நெற்றி நிறைய திருநீறு. அவருக்கு ஒரு விசேஷ குணம். மனிதர்களை ஏலே என்பார், மெஷின்களை வாங்க, போங்க, இவிய, அவிய என்று மரியாதையாகப் பேசுவார். வழக்கறிஞர் ஒருவர் ரிப்பேருக்கு ரேடியோ கொண்டுவந்தால், ஏலே அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு, ரேடியோவைப் பார்த்து, "என்ன, ஒடம்புக்கு ஆகலியோ? கொஞ்சம் முதுகைக் காட்டுங்க, பாப்போம்" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ரேடியோ நன்றாகத் திரும்பி வருகிறதே, அது போதாதா?

யாராவது மெஷின் வாங்க வந்தால் அவர் விலையைச் சொல்ல மாட்டார். முதலில் விசாரணை. இது எந்த அறையில் இருக்கும்? பக்கத்தில் அடுப்பங்கரையா? தூசி தட்டுவது யார், மருமகளா, மாமியாரா? பாடுகிறவர் உட்கார்ந்து பாடுவாரா, நின்றா? கலியாணத் தரகர்கூட இவ்வளவு கேட்க மாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, அலமாரியில் இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றைக் காட்டி, "ஒனக்கு இவிய போதும்" என்பார். பெரிய மெஷினுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் முகம் சுருங்கும். அதை வாங்கிக்கொண்டு போய், பத்து வருஷம் கழித்து அதே மெஷினோடு வந்து கும்பிடுவார்கள்.

அவரிடம் வந்த கேஸ்களில் ஒன்றைத்தான் நான் இன்றும் சொல்லிச் சிரிப்பேன். மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுப் புலவர், செல்லப்பன் என்று பெயர். நல்ல கனத்த உடம்பு, கனத்த குரல், ஆற அமரப் பாடுகிற ஆள். வளைகுடாவில் இருந்து தம்பி கொண்டுவந்த டேப்பில் அவர் ஒரு கதையைப் பதிந்து, கேசட் போட்டுக் கோயில் கோயிலாகக் கொடுத்திருந்தார். கேசட் பிய்த்துக்கொண்டு போயிற்று. கோயில் கொடைத் திருவிழா நடத்துகிற கமிட்டிக்காரர்கள் எல்லாம் அவரையே கூப்பிட்டார்கள். ஆனால் மேடையில் அவர் பாட ஆரம்பித்ததும் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். என்ன புலவரே, கேசட்டில் குதிரை மாதிரிப் போகிறீர், இங்கே எருமை மாதிரி நடக்கிறீர்? கேசட்டில் உள்ளதுபோலப் பாடும்!

பாவம் மனிதர், பாடிப் பார்த்தார். அந்த வேகத்தில், அந்த உயரத்தில். இரண்டு கொடை தாங்கினார். மூன்றாவதில் வில்லின்மேலேயே மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டார். பக்கப்பாட்டுக்காரர்கள் அதையும் கதையில் ஒரு கட்டம் என்று நினைத்து ஆமா ஆமா என்று ஒத்துப் பாடியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் டேப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். பிள்ளை டேப்பைத் தொடவே இல்லை. பாடும்போது கூட வாசித்த ஆர்மோனியத்தைக் கொண்டுவா என்று ஆள் அனுப்பினார். ஆர்மோனியம் வந்தது. கேசட்டைக் கடையில் உள்ள நல்ல மெஷினில் போட்டு, அதில் கேட்கிற ஆர்மோனியத்தையும் எதிரில் இருக்கிற ஆர்மோனியத்தையும் ஒத்துப் பார்த்தார். கேசட்டில் உள்ளது ஒரு கட்டை மேலே நின்றது. ஆர்மோனியம் வெயிலுக்கும் மழைக்கும் சற்றே அசையும், ஆனால் ஒரு கட்டை ஏறாது. பாடுகிறவன் குரலை நம்பாதே, பதிந்த மெஷினை நம்பாதே, கட்டையை நம்பு என்று எனக்குச் சொன்னார். அப்புறம்தான் புலவரின் டேப்பைத் திறந்தார். உள்ளே பெல்ட்டும் உருளையும் மினுமினுவென்று இருந்தன. விரலால் தொட்டு நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார்.

"செக்கில ஆட்டுனது" என்றார். "நல்ல எண்ணெ. தலையில தேச்சிருந்தா முடியாவது வளந்திருக்கும்."

கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கிறது என்று புலவரின் மனைவி டேப்புக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறாள். நம் ஊரில் கதவுக் கீல் கத்தினால் தேங்காயெண்ணெய், குழந்தை கத்தினால் தேங்காயெண்ணெய், டேப்பை மட்டும் விட்டுவைப்போமா? ஆனால் டேப்பில் பெல்ட் வழுக்கக் கூடாது. வழுக்கினால் பதியும்போது நாடா மெதுவாகப் போகும். அதை நல்ல மெஷினில் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாகவும் கீச்சென்றும் வரும். புலவர் குதிரையானது அப்படித்தான்.

கடையில் வேகக் குமிழ் உள்ள டெக் ஒன்று இருந்தது. ஒரு சின்னக் குமிழைத் திருகினால் நாடா மெதுவாகவோ வேகமாகவோ ஓடும். பிள்ளை அதைத் திருகித் திருகி, கேசட் ஆர்மோனியமும் நிஜ ஆர்மோனியமும் ஒன்றாகும்வரை கொண்டுவந்து, அந்த வேகத்தில் புதுக் கேசட் எடுத்துக் கொடுத்தார். அந்தக் குமிழ்மேல் அவருக்குத் தனி மரியாதை. "இவிய பெரிய மனுசன். நமக்காவ எறங்கி வருவாவ" என்று தட்டிக்கொடுப்பார். கமிட்டிக்காரர்கள் புதுக் கேசட்டைக் கேட்டுவிட்டு இது டூப்ளிகேட், புலவர் குரலே இல்லை என்று திருப்பிக் கொடுத்தது வேறு கதை. புலவர் மட்டும் கேட்டுக் கண் கலங்கினார். நான் இந்த மாதிரியாப் பாடுகேன், இது கொள்ளாமே என்றார்.

இனி வில்சன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மச்சினன் எனக்கு முன்பே மூன்று சம்பந்தம் பார்த்து வைத்திருந்தான். முதலாவது, இன்டர்நெட்டில் கண்ட ஒரு ஸ்பூல் டேப் மெஷின். படத்தைக் காட்டினான். சின்ன கிரைண்டர் அளவு இருந்தது. பார்க்க ராஜாதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஸ்பூல் எங்கே வாங்குவாய், ஒரு பாட்டுக்கு எத்தனை நாடா தின்னும், மோட்டார் போனால் யாரிடம் போவாய்? வாங்குவது ஒரு தரம், தீனி போடுவது ஆயுசுக்கும். பெண்ணைக் கட்டிவிட்டால் போதுமா, வைத்துக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்டேன். லில்லி சிரித்தாள். ஸ்பூல் அத்தோடு போயிற்று.

இரண்டாவது, கைக்கு அடக்கமாக ஒரு புது பிளேயர். பளபளப்பாக, விலையும் மலிவாக இருந்தது. நான் அதைக் காதோரம் வைத்து ஆட்டினேன். உள்ளே கடலைமிட்டாய் டப்பா போலச் சத்தம் வந்தது. கேட்க ஆகும், பதிய ஆகாது என்று திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவதுதான் இக்கட்டு. அவர்கள் ஷோகேஸில் இருந்த டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட். வில்சன் தன் கலியாணத்துக்குக் குவைத்தில் இருந்து கொண்டுவந்தது. லில்லி பின்னிய வெள்ளைக் குல்லா ஒன்றைப் போட்டுக்கொண்டு, கலியாண போட்டோவுக்கும் பீங்கான் வாத்துக்கும் நடுவில் இன்றும் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்து வளைகுடா வீடுகளில் இந்தச் செட்டுக்குத் துணி மாற்றுவார்கள், பாட மட்டும் விட மாட்டார்கள். அதனால் உள்ளே எல்லாம் புத்தம் புதுசாக இருந்தது. வில்சனுக்கு இதிலேயே பதிந்துவிடலாம் என்று ஆசை. நான் லில்லியை ஒரு வரி பாடச் சொல்லிப் பதிந்து காட்டினேன். அவள் பாடும்போது சரியாக இருந்தது. மூச்சுக்கு நிறுத்திய இடத்தில் மேலே ஓடிய ஃபேன் சத்தம் புயல்போல எழுந்தது. அந்தச் செட்டுக்குள் ஒரு ஆட்டோ லெவல் இருக்கிறது. சத்தம் குறைந்தால் அதுவாகக் காதைத் தீட்டிக்கொள்ளும். தவிர, இரண்டு குரலைத் தனித்தனியாகப் பதியவும் அதில் வழியில்லை.

வீட்டில் பாட்டுப் பதிய, கையைக் கடிக்காத மெஷின் என்றால் நாலு தடக் கேசட் ரெக்கார்டர்தான். கடையில் கிடைக்கிற சாதாரணக் கேசட்டே போதும். நாடாவின் அகலத்தை நாலு ஒற்றையடிப் பாதையாகப் பிரித்துக்கொள்ளும். முதல் பாதையில் ஆர்மோனியத்தைப் பதியலாம். அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் ராகத்தைப் பாடலாம். இரண்டையும் கேட்டுக்கொண்டு மூன்றாவதில் இரண்டாம் குரல். ஒரே ஆள் ஒரு பாட்டுக் குழுவாகிவிடலாம். வேகக் குமிழும் அதிலேயே உண்டு. அப்படி ஒன்று அருமனையில் ஞானமுத்து என்பவரிடம் இருந்தது எனக்கு ஓர்மை வந்தது. ஒரு காலத்தில் நற்செய்திப் பாட்டுக் கோஷ்டி வைத்திருந்தவர், இப்போது ரப்பர் தோட்டத்தோடு இருக்கிறார்.

மூன்று பேருமாக அருமனைக்குப் போனோம். போகும்போது வில்சன் குல்லாவோடு டூ-இன்-ஒன்னையும் காரில் ஏற்றினான். அத்தான் அதுக்க ஹெட்டைக் கழற்றி இதுக்கு மாட்ட ஆகுமே என்றான். ஆகாது என்று சொன்னேன். கேட்கிற ஆளா?

ஞானமுத்துவின் மெஷின் ரப்பர் ஷீட் அடுக்கிய அறையில் ஒரு மூலையில் இருந்தது. அறையைத் திறந்ததும் வந்த புகை நாற்றத்தில் லில்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பிள்ளையின் முறைப்படி பார்த்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நாடா உரசி ஓடுகிற ஹெட்டில் தேய்மானப் பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவினேன். நகம் தடுக்கவில்லை. நாடாவை அழுத்துகிற ரப்பர் உருளையைக் கட்டைவிரலால் அமுக்கினேன். கண்ணாடிபோலப் பளபளத்தால் செத்தது, மங்கலாக விரலுக்குக் குழைந்தால் உயிருள்ளது. உயிர் இருந்தது. பெல்ட் மட்டும் கருகின வெல்லப்பாகாக உருகிக் கிடந்தது. பெல்ட்தானே, நான் வெட்டித் தருகிறேன் என்று ஞானமுத்து ஒரு ஷீட்டை எடுத்துக் கத்தரிக்கோலைத் தேடினார். பச்சை ஷீட்டில் வெட்டிய பெல்ட் ஒரு பாட்டு முடியுமுன் சூயிங்கம்மாகிவிடும் என்று தடுத்தேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ரப்பர் கொடுக்கிறவனிடம் ரப்பர் சரியில்லை என்கிறார் பார் என்று லில்லியிடம் நியாயம் கேட்டார்.

மெஷினைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. என்ன கேட்டும் பிடிகொடுக்கவில்லை. வழியனுப்பக் காருக்கு வந்தபோது பின் சீட்டில் குல்லா போட்ட டூ-இன்-ஒன்னைக் கண்டார். கண் அங்கேயே நின்றுவிட்டது. அவர் கலியாணத்துக்கு மாமனார் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றியது இதே செட்தானாம். இதைத் தந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வில்சன் முகம் செத்துப்போயிற்று. அவன் முதல்முதலாக வாங்கிய பொருள் அது. லில்லிதான் கார்க் கதவைத் திறந்து, குல்லாவை மட்டும் உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுங்கோ. அது இத்தன வருசமா ஒரு பாட்டும் பாடல்ல. நான் பாடணும்லா?"

வில்சன் தானே செட்டை இறக்கி வைத்தான். அதே சீட்டில் நாலு தட மெஷினை ஏற்றினான். அவனை இதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

நான் புது பெல்ட் தேடிப் பிடித்து மாட்டி, ஆர்மோனியத்தோடு ஒத்துப் பார்த்து, குமிழை நடுவில் நிறுத்தி மெஷினை ஒப்படைத்தேன். ஓடும்போது எங்கோ மெல்லிய கீச்சுச் சத்தம் இருந்தது. பதியப்போகிற அன்றைக்கு வந்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுகிறேன், யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குப் போனால் கீச்சுச் சத்தம் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ராத்திரி ஜெபம் பண்ணினோம், நின்னுபோச்சு அத்தான் என்றான் வில்சன். அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லாதபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி வேலையைத் தொடங்கினேன்.

படுக்கையறையில் பதிந்தோம். புடவை நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, சுவரோடு மெத்தையைச் சாய்த்து நிறுத்தினால் அறை எதிரொலிக்காது. ஃபேனை நிறுத்தினோம். முதல் தடவை மீன்காரனின் ஹாரன் விழுந்தது. வில்சன் வெளியே போய் அவனோடு சண்டை போட்டு, சமாதானமாகிச் சாளை வாங்கி வந்தான். அடுத்த தடவை குக்கர் விசில். அதற்கடுத்த தடவை யாரும் குறுக்கே வரவில்லை. ஆர்மோனியம், ராகம், இரண்டாம் குரல். அவள் சொன்ன அந்த இடம் வந்தது. குரல் வளைந்து, ஒரு கணம் தயங்கி, இறங்கிற்று. போட்டுக் கேட்டோம். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று தடம் நிறைந்தது, நாலாவது காலி. அதில் நான் பாடவா என்று வில்சன் கேட்டான். லில்லி ஆர்மோனியத்தை மூடினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியிலும் தப்பில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் டாக்டர் பயந்ததுபோலவே குரல் மாறிவிட்டது. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு சத்தம் வந்தது. தடித்து, தாழ்ந்து, மேலே ஏறப் பார்த்தால் உடைகிற சத்தம். போகப் போகச் சரியாகலாம் என்றார்கள். லில்லி சபைக்குப் போனாள், பாட்டுக் குழுவில் போய் நிற்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பாளாம். ரோஸ்லின் சொல்லி அழுதாள். அந்தக் கேசட்டை லில்லி போட்டுக் கேட்கவுமில்லை.

ஒருநாள் வில்சன் கூப்பிட்டான். லில்லி பின்கட்டில் இருக்கும்போது தனக்குக் கேட்க வேண்டும்போல இருந்து மெஷினைப் போட்டானாம், ஓடவே மாட்டேன் என்கிறதாம். போய்த் திறந்தேன். பெல்ட்டும் உருளையும் மினுமினுவென்று இருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஜெபம் பண்ணினியா, இல்ல பப்படம் பொரிச்சியா?" என்று கேட்டேன்.

ஒரே ஒரு ஸ்பூன்தான் அத்தான் என்றான். எண்ணெய் விட வேண்டும் என்று நான் சொன்னேனாம், வயசான காலத்தில் என்னை எதற்கு அலைய விட வேண்டும் என்று தானே விட்டானாம். குவைத்தில் கப்பல் அளவு ஏசியை எல்லாம் பிரித்துப் போட்ட பயல்! வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன். பிள்ளை இருந்திருந்தால் மெஷினிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் செருப்பால் அடித்திருப்பார். லில்லியின் புண்ணுக்கு வாங்கிய ஸ்பிரிட்டும் பஞ்சும் மேஜையில் இருந்தன. அதை வைத்தே எண்ணெயை எல்லாம் துடைத்தேன். துடைக்கும்போதுதான் எனக்கு விளங்கிற்று. பதிந்த அன்று வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. அதே வழுக்கலில் போட்டுக் கேட்டதால் சரியாகக் கேட்டிருக்கிறது.

பெல்ட்டைத் திரும்ப மாட்டிக் கேசட்டைப் போட்டேன். ஆர்மோனியம் விறுவிறுவென்று வந்தது. அதன்மேல் ஒரு குரல், மெலிசாக, உயரமாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல. வில்சன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கதவருகே லில்லி நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் சாம்பல், மீன் உரசிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள்.

"இது அந்த ஸ்டூடியோப் பெண்ணுல்லா?" என்றாள், அந்தத் தடித்த குரலில்.

வில்சன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். உனக்க சத்தத்தை நான் கொன்னுட்டேன் லில்லி என்றான். எனக்கு அவனைத் தேற்ற நேரமில்லை. ஆர்மோனியம் எங்கே என்று கேட்டேன். லில்லி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாட்டு எந்தக் கட்டையில் தொடங்கியது என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் குமிழைக் கீழே திருகினேன். டேப்பில் உள்ள ஆர்மோனியமும் நிஜ ஆர்மோனியமும் சண்டை போட்டன. அந்த அலையடிப்பு மெதுவாகி மெதுவாகி, ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றாயின. பழைய லில்லி வந்துவிட்டாள். வளைகிற இடம் வந்தது, வளைந்து, தயங்கி, இறங்கியது.

வில்சன் மூக்கைச் சிந்தினான். என் வேலை முடிந்தது என்று நான் குமிழில் இருந்து கையை எடுத்தேன். லில்லி மட்டும் எழவில்லை. பாட்டோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ முனகினாள். இரண்டாவது வரியில் குரல் எட்டாமல் உடைந்தது. இருமினாள். கேசட்டை நிறுத்தப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளக் கொஞ்சம் எறங்கி வரச் சொல்லுங்கண்ணே."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு குமிழைத் திருகினேன். சரியான இடத்தைத் தாண்டி, கீழே, இன்னும் கீழே. டேப்பில் இருந்த குரல் கனத்தது, நிதானமானது. லில்லி தலையை ஆட்டி ஆட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். குமிழ் அதன் கடைசிக்கு வந்துவிட்டது. அங்கே அவள் குரல் போய்த் தொட்டது. தடித்த, கரகரத்த குரல்தான். ஆனால் வளைய வேண்டிய இடத்தில் வளைந்தது.

நான் கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, மைக்கைச் சொருகி, நாலாவது தடத்தைத் திறந்தேன். வில்சனிடம் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். சுவரோடு மெத்தை இல்லை, பீரோ மூடிக் கிடந்தது, வெளியே யாரோ தேங்காய் மட்டையைப் பொதித்து உரித்துக்கொண்டிருந்தார்கள். எதையும் சரிசெய்யத் தோன்றவில்லை. அவள் தொடக்கம் முதல் ஆமென்வரை பாடினாள்.

போட்டுக் கேட்டு முடித்ததும், இனி இந்தப் பாட்டை இந்த வேகத்தில்தான் கேட்க வேண்டும், குமிழ் அசைந்தால் எல்லாம் மாறிவிடும், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். லில்லி கேட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் இருந்த ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை எடுத்து, பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்து, குமிழ்மேல் ஒட்டி விரலால் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம் அலமாரியைத் திறந்து அந்த வெள்ளைக் குல்லாவை எடுத்தாள். மெஷினுக்குப் போடத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதை வில்சன் கையில் கொடுத்து, முகத்தைத் துடைக்கச் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிளம நான் பாட்டுக் குழுவில முன்ன போய் நிப்பேன்" என்றாள். "அவியளும் எனக்காவக் கொஞ்சம் எறங்கிப் பாடட்டும்."